60 கிலோமீட்டர் தாண்டினால் சேடிலில் உட்கார முடியவில்லை

மடிப்பாக்கம் மிதிப்பவன்:

வணக்கம். வெட்கம் பார்த்தால் வலி போகாது என்பதால் நேராகவே கேட்டுவிடுகிறேன்.

வயது 46, எடை 78 கிலோ, உயரம் 170 செ.மீ. கணக்கு எழுதும் உத்தியோகம். அலுவலக நாற்காலியில் ஒன்பது மணி நேரம் அசையாமல் உட்காருகிறவன், சைக்கிள் சேடிலில் மூன்று மணி நேரம் உட்கார முடியாமல் தவிக்கிறேன்.

மார்ச் மாதம் பழைய ரோடு பைக் ஒன்று வாங்கினேன். அலுமினிய பிரேம், 25 மிமீ டயர், பார்க்க லட்சணமாக இருக்கும். ஞாயிறு காலை நாலரைக்கு மடிப்பாக்கத்திலிருந்து கிளம்பி, சோழிங்கநல்லூர் வழியாக அக்கரையில் ஈசிஆர் ஏறி, மாமல்லபுரம் போய்த் திரும்புவது வழக்கம். மொத்தம் 90 கி.மீ. போகும்போது ராஜா மாதிரி போவேன். மாமல்லபுரத்தில் பொங்கலும் காபியும் ஆனபிறகு மறுபடி ஏறி உட்காரும்போது முதல் எச்சரிக்கை வரும். கோவளம் நெருங்கும்போது கதை முடிந்துவிடும். அங்கிருந்து முட்டுக்காடு பாலம் வரை பாதி தூரம் நின்றுகொண்டே மிதிக்கிறேன். போன வாரம் ஒரு இளநீர்க்காரர், "என்ன சார், சீட்டுல ஆணி இருக்கா?" என்று கேட்டார்.

வலி இரண்டு வகை. ஒன்று, வலது பக்கம் உட்காரும் எலும்பில் கங்கு வைத்தது போல. இடது பக்கம் அவ்வளவு இல்லை. இன்னொன்று வலி என்றுகூடச் சொல்ல முடியாது, நடுவில் மரத்துப்போகிறது. வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் அந்த இடத்துக்கு உயிர் வருகிறது. இதுதான் பயமாக இருக்கிறது.

செய்து பார்த்தவை: வண்டியோடு வந்த சேடில் ஒல்லியாக, பலகை மாதிரி இருந்தது. அதன்மேல் 450 ரூபாய்க்கு ஜெல் கவர் மாட்டினேன். கவர் நழுவி நழுவித் தொடை உராய்ந்தது. கழற்றிவிட்டு 1,900 ரூபாய்க்கு ஒரு ஜெல் சேடிலே வாங்கினேன். கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபோது அல்வா மாதிரி அமுங்கியது. முதல் 20 கி.மீ. சொர்க்கம். 40-க்கு மேல் பழையதைவிட மோசம், மரத்துப்போவதும் சீக்கிரம் வருகிறது. பேடிங் வைத்த ஷார்ட்ஸ் போடுகிறேன். தொடையிடுக்கில் வேர்க்குரு பவுடர் போடுகிறேன்.

டிசம்பரில் 200 கி.மீ. பிரெவேயில் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) பெயர் கொடுக்க ஆசை. 13.5 மணி நேரம் தருகிறார்கள். கால் தாங்கும், மூச்சும் தாங்கும், உட்காரும் இடம்தான் தாங்காது போலிருக்கிறது. இதைவிட மெத்தென்ற சேடில் எது? பட்ஜெட் ஐந்தாயிரம், ரொம்பக் கெஞ்சினால் வீட்டில் ஏழாயிரம்.

பஞ்சர் பார்ட்டி:

சார், ஒரே ஒரு கேள்வி. அந்த பேடிங் ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடுகிறீர்களா?

(சிரிக்க வேண்டாம், நானும் ஒரு வருஷம் போட்டேன்.)

மடிப்பாக்கம் மிதிப்பவன்:

போடுகிறேன். போடக்கூடாதா?

பஞ்சர் பார்ட்டி:

போடவே கூடாது. அந்த ஷார்ட்ஸே உள்ளாடைதான். ஜட்டியின் தையல் சரியாக எலும்புக்கும் சேடிலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் நான்காயிரம், ஐந்தாயிரம் முறை மிதிக்கிறோம். அந்தத் தையல் ஒவ்வொரு மிதிக்கும் அரைத்துக்கொண்டே இருக்கும். பவுடரையும் விடுங்கள். வியர்வையில் நனைந்ததும் அது உருண்டு மணலாகிவிடும். உராயும் இடத்தில் க்ரீம் தடவுங்கள். சிலதில் மென்தால் இருக்கும், டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் படிக்காமல் வாங்கி, வண்டலூர் பாலத்தில் ஆடிய ஆட்டம் தனிக்கதை.

மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

கோவை எல்லன் கீ:

மடிப்பாக்கம் சார், வணக்கம்ங்க. 22 வருஷமாக வண்டி மாட்டிக் கொடுக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தயவுசெய்து இன்னும் சேடில் வாங்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது.

முதலில் அந்த அல்வா விஷயம். மெத்தையில் உட்கார்ந்தால் எலும்பு இரண்டும் உள்ளே புதையும். புதைந்த இடத்திலிருந்த ஜெல் எங்கே போகும்? நடுவில் மேலே எழும்பும். அந்த நடுப்பகுதியில்தான் நரம்பும் ரத்தக் குழாயும் போகின்றன. அதைக் கீழிருந்து அழுத்தினால் மரத்துப்போகாமல் என்ன செய்யும்? உங்கள் உடம்பு எடையைத் தாங்க வேண்டியது எலும்பு. அந்த எலும்புக்குக் கீழே உறுதியான தளம் இருக்க வேண்டும். அதனால்தான் ஒரு நாளைக்கு 200 கி.மீ. ஓட்டுகிறவர்கள் சேடிலைத் தட்டினால் டக் டக் என்று சத்தம் வரும்.

"எங்கப்பா ஸ்பிரிங் சீட்டு வைத்த சைக்கிளில் ஊரெல்லாம் சுற்றினாரே" என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தால் எலும்பின் பின்பகுதி படும், அங்கே இடைவெளி அகலம்; அதற்கு அகலமான, மெத்தென்ற சீட்டு சரி. ரோடு பைக்கில் டிராப் பாரை, அதாவது கீழ்நோக்கி வளைந்த ஹேண்டிலைப் பிடித்துக் குனிகிறோம். குனிந்தால் இடுப்பெலும்பு முன்னால் உருளும். அந்த எலும்பு இரண்டும் முன்னால் போகப்போகக் குறுகி, ஆங்கில வி எழுத்து மாதிரி சேரும். அதனால் படும் இடமும் மாறும், தேவைப்படும் சேடிலும் மாறும்.

அகலம் உங்கள் எலும்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இதற்கும் ஆள் குண்டா ஒல்லியா என்பதற்கும் சம்பந்தமே இல்லைங்க. 55 கிலோ ஆளுக்கு 155 மிமீ கேட்கும், 95 கிலோ ஆளுக்கு 130 போதும், இரண்டையும் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே அளக்கலாம். பார்சல் அட்டைப்பெட்டி இருக்குமே, நடுவில் நெளிநெளியாக இருக்கும் அட்டை, அதில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். தாழ்வான மர முக்காலி அல்லது மாடிப்படியில் வைத்து, மெல்லிய லுங்கியோடு அதன்மேல் உட்காருங்கள். குதிகாலைத் தூக்கி, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி வைத்து, வண்டியில் குனிவது போலக் குனிந்து, ஒரு நிமிஷம் அழுந்த உட்காருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளம் தெரியும். தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்கவைத்து மேலே தேய்த்தால் பள்ளம் மட்டும் வெள்ளை படாமல் நிற்கும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு எத்தனை மிமீ என்று பாருங்கள். அதோடு 20 முதல் 30 வரை கூட்டினால் உங்கள் சேடில் அகலம். அதிகம் குனிகிறவர்களுக்குக் குறைவாகக் கூட்டினால் போதும்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்கிறீர்கள் பாருங்கள், அதுதான். சேடில் தப்பு என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலிக்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் சேடில் உயரத்தை முதலில் சந்தேகப்படுவேன். உயரம் அதிகமானால் கீழே போகும் பெடலை எட்டுவதற்கு இடுப்பு ஒரு பக்கம் சாயும். நம் உடம்பு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும், மறுபக்கத்தை விட்டுக்கொடுக்காது.

செய்ய வேண்டியது இதுதான். செருப்பில்லாமல் சுவரோடு நின்று, தொடையிடுக்கில் ஒரு தடிமனான புத்தகத்தை மேலே அழுந்தப் பிடித்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளங்கள். அதை 0.883-ஆல் பெருக்குங்கள். வருகிற அளவுதான், பெடல் கைகள் இரண்டும் பிரேமில் சேர்ந்து சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சேடிலின் மேல் பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம். இது வேதவாக்கு இல்லைங்க, தொடங்குவதற்கு ஒரு புள்ளி. அப்புறம் யாரையாவது பின்னால் வரச்சொல்லி வீடியோ எடுங்கள். இடுப்பு ஆடுகிறதா என்று பாருங்கள்.

ரசமட்டம் வைத்து சேடில் சாய்வையும் பாருங்கள். சமமாக வைத்துத் தொடங்குங்கள். மூக்கு, அதாவது சேடிலின் முன்முனை, மேலே பார்த்தால் மரத்துப்போகும். "அப்படியானால் கீழே இறக்கிவிடுகிறேன்" என்று ஒரேயடியாக இறக்கினால் முன்னால் வழுக்குவீர்கள், எடை முழுவதும் கைக்குப் போய் விரல் மரக்கும்.

அளவு சொல்லுங்கள், பேசுவோம்.

மடிப்பாக்கம் மிதிப்பவன்:

கோவை அண்ணா, அளந்துவிட்டேன். மூன்று நாளாக வீட்டில் இதே வேலை.

அட்டை: மிக்ஸி வந்த பெட்டியை வெட்டி மாடிப்படியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். மேல் வீட்டு மாமி துணி காயப்போட வந்தவர், என் லுங்கியையும் அட்டையையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார். சாக்பீஸ் இல்லை, கோலமாவைத் துணியில் தொட்டுத் தேய்த்தேன். இரண்டு முட்டை வடிவப் பள்ளம் அழகாக வந்தது. 118 மிமீ. மூன்று முறை அளந்தேன், 117, 118, 118. அப்படியென்றால் எனக்கு 140-க்கு மேல். வண்டியோடு வந்த பலகை சேடிலின் அடியில் 130 என்று அச்சடித்திருக்கிறது. ஜெல் சேடிலை அளந்தால் 175. ஒன்று குறைவு, ஒன்று ரொம்ப அதிகம்! தொடை ஏன் உராய்ந்தது என்று இப்போது புரிகிறது.

உயரம்: கணக்கு டயரியைத் தொடையிடுக்கில் வைத்து மனைவி அளந்தாள். 80 செ.மீ. அப்படியென்றால் 70.6 வர வேண்டும். வண்டியில் இருப்பது 73. வாங்கின அன்றைக்கு அந்த விற்றவர் எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தாரோ அதே உயரத்தில்தான் இத்தனை மாதமும் ஓட்டியிருக்கிறேன். அவர் என்னைவிட அரை அடி உயரம்.

வீடியோ: ரேடியல் சாலையில் காலை ஐந்தரைக்கு மகன் என் மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து எடுத்தான். பார்த்துவிட்டு அவன் சொன்னது: "அப்பா, பாட்டி ஆட்டுக்கல்லுல மாவாட்டுற மாதிரி ஆடுது." உண்மைதான். ஒவ்வொரு மிதிக்கும் வலப்பக்கம் சரிகிறேன். பிறகு பழைய சேடிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இடது பக்கம் கறுப்பு ரெக்சின் சொரசொரப்பாக அப்படியே இருக்கிறது; வலது பக்கம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழவென்று தேய்ந்து பளபளக்கிறது. போதாததற்கு சேடில் மூக்கு நேராகவும் இல்லை, பிரேமின் மேல் குழாயோடு ஒப்பிட்டால் விரல்நுனி அளவு இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. இதை எப்படிக் கவனிக்காமல் ஓட்டினேன் என்று தெரியவில்லை. ஒரு ரூபாய் பேலன்ஸ் உதைத்தால் விடிய விடியத் தேடுகிறவன் நான்.

இப்போது 73-லிருந்து 70.6-க்கு ஒரே நாளில் இறக்கிவிடலாமா?

கோவை எல்லன் கீ:

வேண்டாங்க. இத்தனை மாதம் பழகின தசை. முதலில் 1 செ.மீ. இறக்கி இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள், அப்புறம் 5 மிமீ, 5 மிமீயாக. சீட் போஸ்ட்டில் (சேடிலைத் தாங்கும் குழாய்) இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டிவைத்தால் எங்கே இருந்தது என்று தெரியும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். உயரம், சாய்வு, சேடில் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். இடுப்பு ஆட்டம் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் உங்கள் உயரம், சூத்திரம் என்ன சொன்னாலும். 71-இலேயே நின்றால் 71-இலேயே விட்டுவிடுங்கள். முழங்காலுக்கு முன்னால் வலி வந்தால் ரொம்ப இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

டயரில் எவ்வளவு காற்று?

மடிப்பாக்கம் மிதிப்பவன்:

110 பிஎஸ்ஐ. டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் 120 என்று போட்டிருந்தது, அதனால் கொஞ்சம் குறைத்துத்தான் அடிக்கிறேன்.

கோவை எல்லன் கீ:

அது தாங்கும் எல்லை சார், அடிக்க வேண்டிய அளவு இல்லை. உங்கள் எடைக்கு 25 மிமீ டயரில் பின்னால் 85, முன்னால் 80 வைத்துப் பாருங்கள். பிரேமில் இடம் இருந்தால் அடுத்த முறை 28 மிமீ டயர் போட்டு இன்னும் குறையுங்கள். பாதி சேடில் வலி ரோட்டிலிருந்து வருவது.

வால்பாறை 40:

அண்ணா, நானும் சொல்லலாமா? பெயரிலிருக்கும் 40 ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு இருக்கும் கொண்டை ஊசி வளைவுகள், வயது இல்லை.

மரத்துப்போவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டும்போது வந்து, இறங்கி நடந்ததும் போய்விட்டால் வண்டியில் சரிசெய்ய வேண்டிய விஷயம். மறுநாளும் இருந்தால், அல்லது சிறுநீர் போவதில் வித்தியாசம் தெரிந்தால், வண்டியை ஓரங்கட்டிவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஆண்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை. பெண்கள் நாங்களும் சொல்வதில்லை, அது வேறு கதை.

அந்த வேறு கதையையும் சொல்லிவிடுகிறேன், படிக்கும் பெண்கள் யாராவது இருப்பார்கள். எனக்கு எலும்பில் வலி கிடையாது, முன்பக்கம்தான். இரண்டு வருஷம் "பழகிடும்", "பழகிடும்" என்றே கேட்டேன். கூட ஓட்டியவர்கள் எல்லோரும் ஆண்கள், யாரிடம் விளக்குவது? கடைசியில் ஒரு அக்காவின் வண்டியைப் பத்து நிமிஷம் மாற்றி ஓட்டினேன், பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அவருடையது மூக்கு குட்டையான சேடில், நடுவில் நீளமாக ஓட்டை, 155 அகலம். வழக்கமான சேடில் 27, 28 செ.மீ. நீளம் இருக்கும், இது 24. குனிந்து ஓட்டும்போது முன்னால் இடிக்க எதுவும் இல்லை. ஸ்பெஷலைஸ்டு 2015 வாக்கில் 'பவர்' என்று கொண்டுவந்த வடிவம், இப்போது எல்லாக் கம்பெனியும் அதே மாதிரி செய்கிறது. பெண்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், உங்களுக்கும் இது சரிப்படலாம். ஆனால் அந்த ஓட்டையின் விளிம்பே சிலருக்கு அறுக்கும். என் தோழிக்கு அறுத்தது. அவளுக்கு ஓட்டை இல்லாமல், நடுவில் வாய்க்கால் மாதிரிப் பள்ளம் மட்டும் இருக்கும் சேடில்தான் ஒத்துவந்தது. அதனால் இரவல் வாங்கி ஓட்டிப் பார்க்காமல் காசு போடாதீர்கள். எங்கள் குழுவில் ஒரு துணிப்பையில் ஆறு சேடில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சீட்டுப் பணம் மாதிரி.

இரவல் வாங்கும்போது ஒன்று. ஒவ்வொரு சேடிலும் அடியில் மாட்டும் கம்பியிலிருந்து மேல்பரப்பு வரை ஒரே உயரம் இருக்காது. ஒரு செ.மீ.கூட வித்தியாசம் வரும். மாற்றியதும் உயரத்தை மறுபடி அளங்கள். இல்லாவிட்டால் நல்ல சேடிலைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுப்பீர்கள்.

இன்னொன்று, பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, வலித்தாலும் வலிக்காவிட்டாலும், இருபது மிதி எழுந்து நின்று மிதியுங்கள். மலையில் இது தானாக நடந்துவிடும். ஈசிஆர் தட்டையாக இருப்பதால் நீங்கள் ஒரே இடத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருப்பீர்கள்.

பர்மிங்காம் வாசி:

மடிப்பாக்கம் அண்ணை, நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது பர்மிங்காம். தோல் சேடில் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, ஆகையால் நான் சொல்லுகிறேன்.

ஊரில் எங்கட அப்பா ஓடின ராலே சைக்கிளில் ஒரு தோல் இருக்கை இருந்தது, நடுவில் தொட்டில் மாதிரிப் பதிந்துபோய். அந்தப் பதிவு அப்பாவின் உடம்பு. நான் ஏறினால் எனக்குக் குத்தும், அவருக்கு அது கதிரை மாதிரி. இங்கே வந்து புரூக்ஸ் பி17 வாங்கினபிறகுதான் விசயம் விளங்கினது. தோலை முன்னுக்கும் பின்னுக்கும் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கும், அடியில் மெத்தை ஒன்றும் இல்லை. சில நூறு கிலோமீற்றர் ஓடினால் எலும்பு படுகிற இடம் மட்டும் மெல்லப் பதியும். புரூக்ஸ் கம்பெனி 1866-இல் இந்த ஊரில்தான் தொடங்கினது. தொடங்கினவர் குதிரைச் சேணம் முதலான தோல் சாமான் செய்த ஆள். அவருடைய குதிரை செத்துப்போக, ஒரு சைக்கிளை இரவல் வாங்கி ஓடினாராம். இருக்கை தந்த நோவில்தான் சேடில் செய்யத் தொடங்கினார் என்று கதை. உங்கட கதைதான் அண்ணை, 150 வருசத்துக்கு முந்தி.

ஆனால் உங்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டன். ஒன்று, பி17 அரைக் கிலோவுக்கு மேல். இரண்டு, அகலம் 170-க்குக் கிட்ட, ஹேண்டில் சேடில் உயரத்துக்கு இருந்து, கொஞ்சம் நிமிர்ந்து ஓடுகிறவர்களுக்குத்தான் தோதானது. மூன்று, மழை. நனைந்த தோலில் இருந்து ஓடினால் தொய்ந்துபோகும். டிசம்பரில் சென்னையில் ஓடப்போகிற ஆளுக்கு அது தேவையில்லாத தலையிடி. வியர்வையும் அதற்கு நல்லதில்லை, உங்கட ஊர் வியர்வை எனக்குத் தெரியும்.

நான் 2023-இல் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பார்க்கப் போனேன், ஓட இல்லை, வெறும் வேடிக்கைதான். 1200 கிலோமீற்றரை 90 மணித்தியாலத்துக்குள் ஓடுகிற சனம். நிறுத்தி வைத்திருந்த சைக்கிள்களின் சேடிலை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தேன். தோல், பிளாஸ்டிக், ஓட்டை, மூக்கில்லாதது, ஆட்டுத்தோல் சுற்றினது, எல்லாம் இருந்தது. ஜெல் கவர் போட்டதும் ஒன்று கண்டேன். அந்த ஆளைத் தேடினேன், கிடைக்கவில்லை.

மடிப்பாக்கம் மிதிப்பவன்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். இடையில் மழை, ஜிஎஸ்டி ரிட்டர்ன், மாமனாருக்குக் கண் ஆபரேஷன்.

முதலில் ஜட்டியைத் துறந்தேன். பஞ்சர் பார்ட்டிக்கு என் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. தொடை எரிச்சல் அந்த வாரமே முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் மழைநாளில் ஷார்ட்ஸ் காயவே மாட்டேன் என்கிறது, ஒவ்வொரு முறையும் துவைத்துத்தான் போட வேண்டும் என்பதால் இன்னொன்று வாங்கிவிட்டேன். பட்ஜெட்டில் முதல் ஓட்டை.

பிறகு உயரம். பழைய 130 பலகை சேடிலையே திரும்ப மாட்டி, மூக்கை நேராக்கி, ஒரு செ.மீ. இறக்கினேன். முதல் நாள் குழந்தை சைக்கிள் ஓட்டுவது போல இருந்தது. இரண்டாவது வாரம் 71.2-க்கு வந்தபோது மகன் மறுபடி வீடியோ எடுத்தான். ஆட்டுக்கல் நின்றுவிட்டது. சூத்திரம் சொன்ன 70.6 வரை போகவில்லை, கோவை அண்ணா சொன்னபடி அங்கேயே விட்டுவிட்டேன். அந்த ஞாயிறு மாமல்லபுரம் போய்த் திரும்பியதில் வலது பக்கக் கங்கு இல்லை. நம்ப முடியவில்லை, ஏழு மாத வலி ஒரு எல்லன் கீயில் (போல்ட் திருகும் எல் வடிவச் சாவி) போய்விட்டது. ஆனால் இப்போது இரண்டு பக்கமும் சமமாக வலித்தது! இது அகலம் என்று எனக்கே தெரிந்தது.

அலுவலகத்தில் ஒருவர் வண்டி வாங்கி ஆறு மாதமாகத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். அவரிடம் கெஞ்சி சேடிலை மட்டும் கழற்றி வாங்கினேன். 143 மிமீ, மூக்கு குட்டை, நடுவில் ஓட்டை. வால்பாறை அவர்கள் எச்சரித்தது நல்லதாகப் போயிற்று. மாட்டி அளந்தால் 8 மிமீ தாழ்ந்திருந்தது. அதைச் சரிசெய்து, ரசமட்டம் வைத்து (கட்டுமான வேலை நடக்கும் எதிர்வீட்டு மேஸ்திரியிடம் இரவல், அவரே வந்து வைத்துக் கொடுத்தார், "ஒரு நூல் தூக்கியிருக்கு சார்" என்றார்), டயரில் காற்றை 85-ஆக்கினேன்.

நேற்று முதல்முறையாக மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கம் வரை போய்த் திரும்பினேன். 120 கி.மீ. கோவளத்தில் பழைய பயத்தில் இறங்கி நின்றேன், ஒன்றும் இல்லை, ஏறிவிட்டேன். அதே இளநீர்க்காரர் அங்கேயே இருந்தார். மரத்துப்போவது ஒரே ஒரு முறை, எழுந்து நிற்க மறந்த அரை மணி நேரத்தில், இறங்கியதும் போய்விட்டது. 100-க்கு மேல் வலித்தது. ஆனால் அது கல்யாண வீட்டில் நாள் முழுக்கப் பந்தி பரிமாறிய பிறகு கால் வலிக்குமே, அந்த மாதிரி வலி. கழுத்துதான் அதைவிட மோசம். அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.

ஒரே சிக்கல், சேடில் நன்றாக இருக்கிறது என்று வாய்தவறி அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். "அப்ப நானும் இந்த ஞாயித்துக்கிழமை வரேன், கொண்டு வந்து மாட்டிக் குடுங்க" என்கிறார் அவர். 143-இல் இதே மாதிரி பழைய சேடில் யாரிடமாவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். கம்பி 7 மிமீ உருண்டையாக இருக்க வேண்டும், கார்பன் கம்பி என் கிளாம்பில் மாட்டாது.

ஜெல் சேடில் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு இஸ்திரிக்காரர் சைக்கிளில் மாட்டிக் கொடுத்தேன். துணி மூட்டையோடு வீடு வீடாகப் போகிறவர், நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு நடைக்கு இரண்டு கிலோமீட்டர். "சோபா மாதிரி இருக்கு சார், உங்களுக்கு ஏன் புடிக்கல?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.